டியெற்மாரின் தோள்மூட்டு

டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் ஐந்து வருஷத்துக்குப் பிறகு புருஷனைக் கண்ட இமெல்டா, அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒருதரம் வடிவாகப் பார்த்துவிட்டு, முதன்முதலாகக் கேட்ட கேள்வி இதுதான்.

"டியெற்மாருக்குத் தோள்மூட்டு இப்ப எப்பிடி?"

சில்வெஸ்டர் அவளுடைய கைகளில் இருந்து முகத்தை மெல்ல விடுவித்துக்கொண்டான். "சுகம்," என்றான். சொல்லிவிட்டுப் பெட்டி தள்ளும் வண்டியை எடுக்கப் போகிற சாட்டில் அந்தப் பக்கம் நழுவிவிட்டான்.

டியெற்மார் யார் என்று கேட்பீர்கள். றைன் றாபன் என்ற பேஸ்போல் குழுவின் ஆள். எறிகிற பந்தை மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக் குந்தியிருந்து பிடிக்கிறவன். சில்வெஸ்டர் அவனை ஐந்து வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தான். எந்தக் காலில் சப்பாத்து நாடா அவிழும், கோபம் வந்தால் எத்தனை தரம் துப்புவான் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அவனோடு ஒரு வார்த்தை பேசினது கிடையாது. பகிடி என்னவென்றால், ஊரில், மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் இருந்த இமெல்டா அவனைத் தன் புருஷனுடைய உற்ற சிநேகிதனாகவே பாவித்து, அவனுடைய தோள்மூட்டுக்காக வெற்றி மாதா கோயிலில் மூன்று பூசை ஒப்புக்கொடுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், சேலைகளுக்கு மேலே, ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான்கள் மூன்று. ஒவ்வொன்றோடும் பனம்பழக் களியைக் காயவைத்து எடுத்த பனாட்டு ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் கடதாசித் துண்டு ஒட்டி, அவளுடைய குண்டு எழுத்தில் பெயர்: டியெற்மார், ஹோல்கர், கேர்ட்டிஸ். என் மனுசனைப் பார்த்துக்கொண்ட ஆட்களுக்கு வெறுங்கையோடு வரலாமா என்று கேட்டாள். சில்வெஸ்டர் அந்த மூன்றையும் தூக்கி அலுமாரியின் உச்சியில் வைத்தான். இன்னும் உயரமான இடம் அந்த வீட்டில் இருந்திருந்தால் அங்கே வைத்திருப்பான்.

இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொன்றில் ஆள் ஜெர்மனிக்கு வந்தபோது, கொலோனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் அகதி விடுதியில் போட்டார்கள். அங்கே தமிழன் என்று இவன் ஒருவன்தான். வேலை செய்யவும் அனுமதி இல்லை. கல்யாணம் கட்டி எட்டு மாதத்தில் மனுசியை விட்டுவிட்டு வந்தவன். கட்டிலில் இருந்தால் நெஞ்சு இடிக்கும், படுத்தால் மூச்சு முட்டும். ஆகவே நடந்தான். காலையில் நடந்தான், மத்தியானம் நடந்தான், அந்த ஊர் நாய்களுக்கே இவனைப் பார்த்து அலுத்துவிட்டது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருக்கும்போதுதான் மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஊரில் ஆடுகிற எல்லே! பள்ளிக்கூட மைதானத்தில் தடியால் அடித்துவிட்டு ஓடி ஓடித் தளம் தொட்ட அதே விளையாட்டு. இவர்கள் என்னவோ காற்சட்டையும் தொப்பியும் போட்டுப் பெரிய எடுப்பில் ஆடினார்கள்.

நாட்டின் முதல்தர லீக்தான். ஆனால் உதைபந்து வெறி பிடித்த அந்த நாட்டில் பேஸ்போலை யார் சீண்டுவான்? பந்தெறிவதற்கு அமெரிக்காவில் இருந்து சம்பளம் கொடுத்துக் கொண்டுவந்த கேர்ட்டிஸைத் தவிர மிச்சப் பேர் திங்கட்கிழமை விடிய வேலைக்குப் போகிறவர்கள். பார்க்க நூறு பேர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. சில்வெஸ்டர் மைதானத்தின் இடது பக்கக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போய் வாங்கில் குந்தியிருக்கலாம், யாரும் மறிக்கப்போவதில்லை. ஆனால் வாங்கில் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவன் ஏதாவது கேட்பான், அதற்குப் பதில் சொல்ல மொழி வேண்டும். மொழி வந்த பிறகோ, இரண்டு வருஷம் வேலியோடு நின்றவன் திடீரென்று உள்ளே போய் என்னவென்று வணக்கம் சொல்வது? அந்த வெட்கம் வந்துவிட்டது. பிறகு அதுவே பழகிவிட்டது.

கடிதத்திலும் அதுதான் நடந்தது. அகதி வழக்கைப் பற்றி எழுதினால் அவள் பயப்படுவாள். விடுதியைப் பற்றி எழுதினால் அழுவாள். சண்டைக் காலம், வழியில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்கள் வேறு. அப்ப எதைத்தான் எழுதுவது? "இந்த ஞாயிறு நாங்கள் வெண்டிட்டம்" என்று எழுதினான். அவள் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டாள். அடுத்த கடிதத்தில் ஹோல்கர் எங்கேயோ பறந்துபோய்ப் பந்தைப் பிடித்த கதை. அதற்கடுத்து டியெற்மார். தொண்ணூற்று மூன்றில் ஓடிவந்தவன் ஒருவன் மோதி டியெற்மார் இடது தோளில் அடிபட்டு விழுந்ததையும், நாலு பேர் தூக்கிக்கொண்டு போனதையும் மூன்று பக்கத்துக்கு எழுதினான். அவள் பூசை கொடுத்தேன் என்று எழுதியபோதாவது நிறுத்தியிருக்கலாம். எங்கள் சிங்கன் நிறுத்தவில்லை. பொய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் அவனுடைய சமாதானம். ஞாயிறு முழுக்க அவங்களோடதான் என்று எழுதினான். உண்மைதானே, இடையில் ஒரு வேலி இருந்ததை மட்டும் எழுதவில்லை.

தொண்ணூற்றைந்தில் வழக்கு வென்று, ஆஸ்பத்திரிக் குசினி ஒன்றில் வேலை கிடைத்து, கொலோனில் இரண்டு அறை வீடு எடுத்து, மனுசிக்கு விசா வந்து, எல்லாம் கூடி வந்தபோது பார்த்தால் அலுமாரிக்கு மேலே மூன்று குட்டான்.

தொண்ணூற்றாறில் பேஸ்போல் பருவம் தொடங்கியதும் இமெல்டா வந்ததும் ஒரே கிழமையில். முதல் ஞாயிறே அவள் சேலை உடுத்து நின்றாள். இவன், வெளியூர் ஆட்டம் என்றான். அது உண்மை. இரண்டாம் ஞாயிறு மழை என்றான். அதுவும் உண்மை. மூன்றாம் ஞாயிறு வெயில் எரித்தது. வெள்ளைக்காரரை ரெர்மின் எடுக்காமல் போய்ப் பார்க்கக் கூடாது, அது பெரிய மரியாதைக் குறைவு என்று ஒரு போடு போட்டான். ரெர்மின் என்றால் முன்கூட்டியே நாளும் நேரமும் வாங்குவது. வந்து மூன்று கிழமையில் நாலு அலுவலகம் ஏறி இறங்கியவள் அல்லவா, அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தாள். "அப்ப எடுங்கோவன்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் தனியே போய் வேலியோடு நின்றான். இதில் என்ன விசித்திரம் என்றால், ஐந்து வருஷம் எதற்காக ஏங்கினானோ அது வீட்டில் சோறு சமைத்துக்கொண்டு இருந்தது. ஆனாலும் ஆளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் இருந்தால் மைதானத்தில் என்ன நடக்கிறதோ என்று தவிப்பான். மைதானத்தில் நின்றால் அவள் தனியே இருக்கிறாளே என்று தவிப்பான். சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே கால் ஆடிக்கொண்டிருக்கும். நிமிர்ந்தால் அலுமாரி, அலுமாரிக்கு மேலே டியெற்மார், ஹோல்கர், கேர்ட்டிஸ்.

குழுவுக்கும் அந்த வருஷம் சனியன்தான். மேயில் நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றார்கள். ஜூனில் ஒன்று வென்று, மூன்று தோற்றார்கள். கேர்ட்டிஸின் எறி அடிக்கிறவனுக்குப் பலகாரம் மாதிரிப் போய் விழுந்தது. பட்டியலில் கடைசி இடம் என்றால் அடுத்த வருஷம் இரண்டாம் லீக்குக்கு இறங்க வேண்டும். அவனோடு குசினியில் வேலை செய்கிற சோதிலிங்கம், உள்ளதெல்லாம் தெரிந்த ஒரே ஆள், நக்கலுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மனுசி வந்த பிறகும் வேலியைக் கட்டிப்பிடித்து நிற்கிற ஆம்பிளையை நான் உன்னில்தான் கண்டேன் என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், மறைத்துக்கொண்டே இரு, ஒரு நாளைக்குச் சோறு முடியும் என்றான்.

ஜூலையில் சோறு முடிகிற மாதிரித்தான் இருந்தது. கொலோனில் மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை. பூசைக்கு முன்னால் யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கிறது என்று பெயர் வாசிப்பார்கள். இறந்துபோன தகப்பன், காணாமல் போன தம்பி என்று வாசித்துக்கொண்டு வந்தவர், "டியெற்மாரின் தோள் சுகத்துக்காக, சில்வெஸ்டர் இமெல்டா குடும்பம்," என்று வாசித்தார். முழுச் சனமும் திரும்பிப் பார்த்தது. சில்வெஸ்டர் முழங்காலில் நின்றபடி நிலத்தில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடினான்.

பூசை முடிந்து வெளியே வந்தால் அடுத்த கூத்து. சில்வெஸ்டருக்கு ஒரு பெரிய ஜெர்மன்காரன் பழக்கமாம் என்று கதை அதற்குள் தேத்தண்ணி மேசை வரைக்கும் போய்விட்டது. புஷ்பமலர் என்ற அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்கட டியெற்மாரிட்டச் சொல்லி எங்களுக்கும் ஒரு வீடு பாத்துத் தாங்கோவன்," என்றார். இன்னொருவர் மகனுக்குத் தொழிற்பயிற்சி இடம் கேட்டார். இமெல்டா பெருமையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். எல்லாருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு ட்ராமுக்கு ஓடினான்.

அன்று வீட்டுக்கு வந்து வெடித்தான். டியெற்மார் என்ன உன்னுடைய கூடப்பிறந்தவனா, கண்ட கண்ட இடத்தில் அவன் பெயரை ஏன் வாசிக்கக் கொடுக்கிறாய் என்று கத்தினான். அவள் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த குட்டான்களை ஒவ்வொன்றாக இறக்கி, எறும்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, தூசி தட்டித் திரும்ப வைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் செய்கிற வேலைதான். அவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டான்.

நடக்க நடக்கத்தான் விஷயம் அவனுக்கே விளங்கியது. பொய்க்காரன் என்று அவள் சொன்னால் பரவாயில்லை. பொய் சொல்லாத புருஷன் உலகத்தில் எவன்? ஆனால் இந்த நாட்டில், வேலை கிடைக்கும் வரைக்கும், நாலு வருஷமாக ஒரு சீவன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பெயர் கேட்கவுமில்லை, அலுவலகங்களில் இலக்கத்தைத்தான் கூப்பிட்டார்கள். அது அவளுக்குத் தெரியவந்தால் அவனைப் பார்த்துப் பாவம் என்பாள். அந்த ஒரு சொல்லைத்தான் அவனால் தாங்க ஏலாது. கல்யாணம் கட்டியவளுடைய கண்ணில் அநாதையாகிப்போவது மானக்கேடு என்று நினைத்தான். மடையன்தான், ஆனால் அவனுடைய வேதனை உண்மையானது.

ஆகஸ்டில் றாபன் இரண்டு ஆட்டம் வென்று மூச்சு வாங்கியது. பிறகு திரும்பவும் தோற்றது. கடைசியில் செப்டம்பர் முடிகிற ஞாயிறு, சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம். வென்றால் லீக்கில் இருப்பார்கள், தோற்றால் இறங்குவார்கள். அன்றைக்கு இவன் சப்பாத்துப் போட வந்தபோது இமெல்டா கதவடியில் நின்றாள். நீலச் சேலை, அதற்கு மேலே குளிர்ச் சட்டை, கையில் பை. பைக்குள்ளிருந்து மூன்று குட்டானும் எட்டிப் பார்த்தன. ரெர்மின் என்று வாயெடுத்தான்.

"இண்டைக்குத்தான் கடைசி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றாள். "இதுக்கு மேல வைச்சால் பனாட்டில பூஞ்சணம் பிடிச்சிடும். நடவுங்கோ."

நாற்பது நிமிஷ ட்ராமில் அவன் இருக்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுக்குக் கிட்ட நின்றான், ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தான். மைதானத்துக்கு வந்ததும் கால்கள் தம்பாட்டில் இடது பக்க வேலிக்குப் போய்விட்டன. இமெல்டா வாங்குகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் நின்றாள். பையை நிலத்தில் வைக்கவில்லை.

குழு மைதானத்துக்குள் ஓடி வந்தது. ஹோல்கர் அவர்களுக்குப் பத்து அடி தூரத்தால் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கேர்ட்டிஸ் போனான். டியெற்மார் முகமூடியைக் கையில் தூக்கிக்கொண்டு போனான். யாரும் கை காட்டவில்லை. சில்வெஸ்டர் மனுசியின் முகத்தைப் பார்க்கத் துணியாமல், "தொடங்கப் போகுது," என்று மட்டும் சொன்னான்.

தொடங்கிய பிறகு அவனுக்கு வேறொன்றும் நினைவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்தான், விட்டான், இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி நடந்தான். எறிகிறதற்கு முன்னமே, வெளியாலே போடு என்று முணுமுணுத்தான். ஆட்டம் இழுபட்டுக்கொண்டே போனது, கடைசிச் சுற்று வரும்போது மூன்றுக்கு மூன்று. மற்றக் குழுக்காரன் ஒருவன் மூன்றாவது தளத்தில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து உயர்ந்து ஹோல்கரின் கைக்குப் போனது. அவன் பிடித்த கையோடு, தளத்தில் நின்றவன் வீட்டுத் தளத்தை நோக்கி ஓட்டமெடுத்தான். அவனுக்கு முன்னால் பந்து வந்தால் அவன் அவுட். ஹோல்கர் எறிந்தான். பந்து முன்னால்தான் வந்தது. கொஞ்சம் உயரமாக வந்தது, அவ்வளவுதான். டியெற்மார் இடது கையைத் தூக்கினான். கை தோளுக்கு மேலே போகவில்லை. பந்து கையுறையின் நுனியில் பட்டுப் பின்னால் போய் விழுந்தது.

அந்த ஒரு ஓட்டம்தான் வித்தியாசம். தங்களுடைய முறையில் றாபன் மூன்று பேரையும் மளமளவென்று பறிகொடுத்தது. பருவம் முடிந்தது, லீக்கும் போனது. வாங்குகளில் இருந்தவர்கள் எழுந்து கார்களுக்குப் போனார்கள். மைதானத்தின் ஓரத்துக் கட்டையில் டியெற்மார் கவசத்தைக் கழற்றாமலே குந்தியிருந்தான். மற்றவர்கள் அவனை விட்டு எட்டவே நின்றார்கள்.

இமெல்டா பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வேலி திறந்திருக்கிற பக்கம் நடந்தாள். சில்வெஸ்டர் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்தான்.

"இமெல்டா, போகாத. அவங்களுக்கு என்னைத் தெரியாது. ஒருத்தனுக்கும் தெரியாது. நான் இந்த வேலியோடதான் நிண்டனான், அஞ்சு வருஷமும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பாவம் என்று சொல்லப்போகிற அந்தக் கணத்துக்காகக் காத்து நின்றான்.

"தெரியும்," என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்தான்.

"அந்த மனுசன் அடிபட்டு விழுந்ததை மூண்டு பக்கத்துக்கு எழுதினியள். போய்ப் பாத்தனான் எண்டு ஒரு வரி இல்லை. எங்கட ஆக்கள் ஒருத்தர் ஆசுப்பத்திரியில கிடந்தால் போய்ப் பாக்காமல் இருப்பமே? அதுக்குப் பிறகு பழைய கடிதம் எல்லாத்தையும் எடுத்துப் படிச்சன். எப்பிடி எறிஞ்சான், எப்பிடி ஓடினான், எல்லாம் இருக்கு. உங்களிட்ட என்ன சொன்னவன் எண்டு ஒரு கடிதத்திலயும் இல்லை."

"பிறகு ஏன் பூசை குடுத்தனீ?"

"அவனும் எழும்பாமல் போனால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில எங்க போறது?"

சில்வெஸ்டர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு நாளும் ஏன் கேட்காமல் இருந்தாய் என்று எப்படியோ கேட்டான். நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லவைக்க என்னென்னவோ செய்தும் பார்த்தேன், கோயிலில் பெயரைக்கூட வாசிக்கவைத்தேன், நீங்கள் அசையவில்லையே என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாங்கோ," என்றாள். "மூண்டு வருஷம் பிந்திப் போச்சு. எண்டாலும் நோயாளியைப் பாக்கத்தானே போறம்."

புல்லுக்குள் அவன் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல்தரம். டியெற்மார் நிமிர்ந்து, சேலை உடுத்த ஒரு பெண்ணும் ஒரு கறுத்த மனிதனும் தனக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. கிட்டப் பார்க்க அவனுக்கு வயது தெரிந்தது. காதோர மயிர் நரைத்திருந்தது, அது வேலிக்குத் தெரியாத விஷயம். இமெல்டா பைக்குள் கைவிட்டு, பெயரை வாசித்துப் பார்த்து, சரியான குட்டானை எடுத்து அவனுடைய மடியில் வைத்தாள். தோற்ற மனிதன் தன் பெயர் எழுதின ஓலைப் பெட்டியை வைத்துக்கொண்டு திகைத்துப்போய் இருந்தான்.

"கேளுங்கோ," என்றாள் இமெல்டா. "தோள்மூட்டு எப்பிடி எண்டு."

சில்வெஸ்டர் ஒருதரம் செருமினான். ஐந்து வருஷமாகப் பக்கத்தில் நின்ற மனிதனிடம் முதன்முதலாக வாயைத் திறந்து, குசினியில் படித்த ஜெர்மனில் கேட்டான். தொண்ணூற்று மூன்றில் விழுந்தீர்களே, அந்த இடது தோள், இப்போது எப்படி இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள் என்றான்.

டியெற்மார் அவனையே பார்த்தான். பிறகு மற்றவர்கள் நிற்கிற பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினான். பேசிக்கொண்டே போனான். இடையில் இடது கையைத் தூக்கிக் காட்டினான், அது தோள் உயரத்தில் நின்றது. மூக்கை உறிஞ்சினான், குட்டானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னும் பேசினான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். சில்வெஸ்டர் தன் பெயரைச் சொன்னான்.

இமெல்டா அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன சொன்னவன்?"

"மழைக்கு முதல் நாள் இன்னும் நோகுமாம்," என்றான் சில்வெஸ்டர். "இடது கை மேல தூக்க ஏலாதாம். ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம், சொன்னால் விளையாட விடமாட்டாங்களாம். இண்டைக்குத் தன்னாலதான் தோத்ததாம்."

"வேற?"

"வேற..." என்று தொடங்கியவன், அந்தக் கட்டையில் டியெற்மாருக்குப் பக்கத்தில் மெதுவாகக் குந்தினான். இருந்துகொண்டு, ஒரு சொல்லும் விடாமல் அவளுக்குச் சொன்னான்.